மார்க்கிங் கருவிகள்: பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு முடித்து டூல்ரூமுக்கு வரும் பிள்ளைகளும், சொந்தமாகச் சின்ன லேத் பட்டறை நடத்துகிறவர்களும் மார்க்கிங் பற்றி, அதாவது வெட்டும் முன் உலோகத்தில் அளவுக்கோடு கீறுவதைப் பற்றி, என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். அடிப்படையில் தொடங்கிப் போகப்போகச் சிக்கலாகும். பின்னால் வரும் பதில்கள் இரண்டாம் கேள்வியின் பதிலை நம்பித்தான் நிற்கின்றன. அதை மட்டும் தாண்டிப் போகவேண்டாம்.

"டேப்பும் ஸ்டீல் ரூலும் இருக்கு. தனியா எதுக்கு சார் மார்க்கிங் கருவி?"

கேட் அடிக்கவும் கிரில் வெட்டவும் டேப்பும் சாக்பீஸும் போதும். அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் வெல்டிங்கில் சரியாகிவிடும். பேரிங் உட்காரும் ஹவுசிங்கிலோ டையின் கைடு பில்லர் துளையிலோ அந்தச் சலுகை கிடையாது. ஸ்டீல் ரூலில் கண்ணால் நம்பி எடுக்கக்கூடியது 0.5 மி.மீ. வரைதான். அதற்குக் கீழே போக அளவைக் கருவியில் பூட்டிவைத்து, அதே கருவியால் கோடு கீறவேண்டும். ஹைட் கேஜ் (உயரம் அளந்து கோடு கீறுவது), சர்ஃபேஸ் கேஜ் (தாங்கியில் பூட்டிய கீறுமுனை), டிவைடர் (இரண்டு கூர்முனைக் கவராயம்), ஜென்னி காலிபர் (ஒரு கால் வளைந்த கவராயம்) எல்லாம் செய்வது இதைத்தான்.

ரூலையே பயன்படுத்தும்போது அதன் முனையை நம்பாதீர்கள். பட்டறை ரூலின் முனை தேய்ந்துதான் இருக்கும். 10 மி.மீ. கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழித்துவிடுங்கள்.

"எதைக் கேட்டாலும் 'டேட்டம் எது'ன்னு திருப்பிக் கேக்குறீங்க. டேட்டம்னா என்ன?"

எல்லா அளவும் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் டேட்டம். அது ஒரு தளமாக இருக்கலாம், ஒரு விளிம்பாக இருக்கலாம், ஏற்கெனவே போரிங் செய்த (உட்புறம் கடைந்த) ஒரு துளையின் மையமாகவும் இருக்கலாம். விலை உயர்ந்த கருவி வாங்கினால் மார்க்கிங் துல்லியமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டேட்டம் சரியாக இல்லாத வேலையில் எந்தக் கருவியும் உதவாது. டேட்டம் சரியாக இருந்தால் சாதாரணக் கருவியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பட்டையில் 30 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பிலிருந்து முதல் துளை, முதல் துளையிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாக அளந்தால், ஒவ்வொரு முறையும் வரும் 0.2 மி.மீ. பிழை சேர்ந்துகொண்டே போய், ஐந்தாவது துளை 1 மி.மீ. வரை தள்ளிப்போகலாம். அதையே ஒரே விளிம்பிலிருந்து 30, 60, 90, 120, 150 என்று அளந்தால் ஒவ்வொரு துளைக்கும் அதனதன் 0.2 மட்டும்தான். கருவி ஒன்று, கையும் ஒன்று. பிழை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு.

அதனால் கோடு போடும் முன் ஒரு பக்கத்தை ஃபைல் செய்தோ மெஷினில் பிடித்தோ சமமாக்குங்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கத்தை எடுங்கள். பிசிறு நீக்கி, இரண்டு பக்கத்திலும் பெயிண்ட் புள்ளி வையுங்கள். வேலை முடியும்வரை அந்தப் புள்ளி வைத்த பக்கங்கள்தான் தளத்தில் உட்காரவேண்டும். எதை டேட்டமாக எடுப்பது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வரைபடம் துளையின் மையத்திலிருந்து அளவு கொடுத்திருந்தால், வசதியாக இருக்கிறதே என்று விளிம்பிலிருந்து அளக்கக்கூடாது.

"எந்த உலோகத்துக்கு எந்தச் சாயம் பூசணும்?"

கரடுமுரடான வார்ப்புக்கும் ஃபோர்ஜிங்குக்கும் சுண்ணாம்பு, அல்லது சாக்பீஸ் பொடியைப் பசை கலந்த நீரில் கரைத்த பூச்சு. ஃபைல் செய்த, மெஷினில் எடுத்த பக்கங்களுக்கு மார்க்கிங் புளூ அல்லது லாக்கர். மெல்லியதாக ஒரே பூச்சு போதும். தடிமனாகப் பூசினால் ஸ்க்ரைபர் (கோடு கீறும் கூர் ஊசி) ஓடும்போது சாயம் செதிலாக உரிந்து கோட்டின் ஓரம் கிழிந்துவிடும். பூசும் முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது முக்கியம்.

மயில்துத்தக் கரைசல் பழைய முறை, இன்றும் நல்ல முறை. தண்ணீரில் மயில்துத்தம் கரைத்து, சில சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்த்து, பளபளப்பான எஃகின் மேல் தடவினால் இரும்பு கரைந்து அந்த இடத்தில் தாமிரம் படியும். சாயம் போல உரியாது, எண்ணெய் பட்டாலும் போகாது. ஆனால் அது விஷம். கை கழுவாமல் சாப்பிட உட்காரக்கூடாது. கரைசல் மேலே மீதி இருந்தால் துருவும் பிடிக்கும். அதைத் தடவிய வேலையை, அதாவது செய்துகொண்டிருக்கும் உறுப்பை, நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே சர்ஃபேஸ் பிளேட்டின் (மார்க்கிங்குக்கு அடித்தளமாகும் சமதளப் பலகை) மேல் வையுங்கள்.

"பிரஷியன் புளூவும் மார்க்கிங் புளூவும் ஒண்ணுதானே? ரெண்டும் நீலம்தானே?"

வேலை வேறு. மார்க்கிங் புளூ சீக்கிரம் காயும். காய்ந்த படலத்தைக் கீறினால் உலோகம் வெள்ளைக் கோடாகத் தெரியும். டியூபில் வரும் பிரஷியன் புளூ எண்ணெய்ப் பசை. அவ்வளவு எளிதில் காயாது. அதை சர்ஃபேஸ் பிளேட்டில் மெல்லத் தேய்த்து, வேலையை அதன்மேல் நகர்த்தினால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். ஸ்க்ரேப்பிங்கில் (மேடுகளைச் சுரண்டிச் சமமாக்குவதில்) எங்கே சுரண்டுவது என்று காட்டுவது அதுதான். ஃபைல் செய்த பக்கத்தில் மார்க்கிங் பூச்சாகவும் அதைப் பழைய பாடத்தில் சொல்வார்கள். கோடு தெளிவாகத்தான் விழும், காய்வதற்குள் பொழுது போய்விடும்.

"ஸ்க்ரைபர்ல கோடு போட்டா ரெட்டையா விழுது. ஏன்?"

ஒரே கோட்டின் மேல் இரண்டாம் முறை இழுத்திருப்பீர்கள். கோடு ஒரே இழுப்பில் விழவேண்டும். மங்கலாக விழுந்தால் சாயத்தை அழித்துப் புதிதாகப் பூசி மறுபடி கீறுங்கள்.

பிடிக்கும் விதமும் உண்டு. ஸ்க்ரைபர் நகரும் திசையில் மேல்முனை சாய்ந்திருக்கவேண்டும். கூடவே ரூலிலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து, கூர்முனை மட்டும் ரூலின் அடிவிளிம்பை ஒட்டி ஓடவேண்டும். நேராக நிறுத்தினால் ரூலின் தடிமன் இடையில் புகுந்து கோடு விலகும். முனை 12 முதல் 15 டிகிரி கூர்மையில் இருப்பது நல்லது. எண்ணெய்க்கல்லில் தீட்டுங்கள். கிரைண்டரில் பிடித்து முனை நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

"டாட் பஞ்ச், சென்டர் பஞ்ச்: ரெண்டுக்கும் கோணம்தானே வித்தியாசம்? எதை வச்சு அடிச்சா என்ன?"

கோணம் மாறுவதே வேலை மாறுவதால்தான். 30 டிகிரி பிரிக் பஞ்ச், டிவைடர் கால் நிற்க மெல்லிய குழி போட. 60 டிகிரி டாட் பஞ்ச், கோட்டின் மேல் சாட்சிப் புள்ளி வைக்க. 90 டிகிரி சென்டர் பஞ்ச், டிரில் நடுமுனை உட்காரும் அகலமான குழி போட. கூரான பஞ்சால் அடித்த ஆழக்குழியில் டிரில்லின் நடுமுனை சரியாக அமராமல் அலையும்.

துளை மையத்துக்கு முதலில் பிரிக் பஞ்சால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கூர்முனையை இழுத்தால் பள்ளத்தில் 'டிக்' என்று சிக்கும், அந்த இடம்தான். லென்ஸ் வைத்துப் பார்த்து, விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்துத் தட்டிக் குழியை நகர்த்திக்கொள்ளலாம். பிறகே சென்டர் பஞ்ச். எடுத்த எடுப்பில் பலமாக அடித்தவருக்குத் திருத்த வழி இல்லை.

சாட்சிப் புள்ளி என்றேனே, அதன் பயன் கடைசியில் தெரியும். கோடுவரை ஃபைல் செய்து முடித்தால் விளிம்பில் பாதிப் புள்ளி நிற்கவேண்டும். முழுப் புள்ளி நின்றால் இன்னும் எடுக்கவேண்டும். புள்ளியே காணோம் என்றால் அளவு போய்விட்டது. நேர்கோட்டில் புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கலாம், வளைவில் நெருக்கமாக வையுங்கள்.

"என் மூலைமட்டம் சரியா இருக்கான்னு பாக்க மாஸ்டர் ஸ்கொயர் இல்ல. என்ன பண்றது?"

மாஸ்டர் வேண்டாம், அதை வைத்தே அதைச் சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள தகட்டில் சாயம் பூசி, மூலைமட்டத்தின் கட்டையை விளிம்பில் அழுத்தி ஒரு கோடு கீறுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கமாகப் புரட்டி, அதே அடிப்புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப்போக விரிந்தால், விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. 100 மி.மீ. உயரத்தில் 0.4 விலகினால் மட்டத்தின் பிழை 0.2. பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டுவதால் கண்ணுக்கே தெரிந்துவிடும். விளிம்பு நேராக இருப்பதுதான் ஒரே நிபந்தனை.

"சர்ஃபேஸ் பிளேட் வார்ப்பிரும்பு நல்லதா, கிரானைட் நல்லதா? கடையில விக்கிற சமையல்மேடை கிரானைட்டை வாங்கிப் போட்டா ஆகாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. சமையல்மேடைக் கல் வழவழப்புக்காகப் பாலிஷ் செய்தது. சமதளத்துக்காக லேப் செய்தது (நுண்பொடியால் தேய்த்துச் சமமாக்கியது) இல்லை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தும் நடுவில் குழிந்திருக்கும். பயிற்சிக்கு மலிவாக வேண்டுமென்றால் தடித்த ஃப்ளோட் கண்ணாடியை நேரான பலகை மேல் பரப்பி வைத்துக்கொள்ளலாம். பாரமான வேலையை அதில் ஏற்றாதீர்கள்.

வார்ப்பிரும்பில் ஏதாவது விழுந்தால் குழியின் ஓரம் மேடாகப் பிதுங்கும். அந்த மேடு ஹைட் கேஜைத் தூக்கிவிடும். கிரானைட் அப்படிப் பிதுங்காது, சில்லு மட்டும் பெயர்ந்து பள்ளம் விழும். சுற்றியுள்ள தளம் கெடாது. துருவும் பிடிக்காது. வெப்பத்தில் எஃகு விரிவதில் ஏறக்குறைய பாதிதான் விரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்து டேட்டன் நகரில் கிரானைட்டைச் சர்ஃபேஸ் பிளேட்டாகச் செய்யத் தொடங்கிய பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. வார்ப்பிரும்புக்கு உள்ள பலம், காந்த ஸ்டாண்ட் அதில் ஒட்டும், தேய்ந்தால் மறுபடி ஸ்க்ரேப் செய்துகொள்ளலாம்.

முதல் சமதளம் எதை வைத்து வந்தது என்று ஒரு பயிற்சி மாணவர் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. இரண்டு பிளேட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் பொருந்திவிடலாம். மூன்று பிளேட்டுகளை இரண்டிரண்டாக மாற்றி மாற்றி, திருப்பியும் வைத்துப் பொருத்தினால், மூன்றும் சமமாக இருந்தாலொழிய எல்லா ஜோடியும் பொருந்தாது. முன்மாதிரி எதுவும் இல்லாமலே சமதளம் பிறந்துவிடுகிறது! ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் மெய்த்தளங்களைப் பற்றிக் கட்டுரை படித்த பிறகு, உராய்த்துத் தேய்ப்பதை விட்டுச் சுரண்டிப் பொருத்தும் இந்த முறை பரவலாயிற்று.

எந்தப் பிளேட்டானாலும் அதன்மேல் வைத்துப் பஞ்ச் அடிக்காதீர்கள். கோடு போட்டு முடித்து, வேலையை எடுத்துப்போய் வைஸ் பெஞ்சில் அடியுங்கள்.

"வெர்னியர் ஹைட் கேஜ் 0.02 காட்டுது. அப்போ என் கோடும் 0.02-க்குள்ள துல்லியம்தானே?"

இல்லை. 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்ததால் கிடைக்கும் 0.02, நீங்கள் படிக்கும் அளவு. கீறிய கோட்டுக்கே ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலம் உண்டு. அதைக் கண்ணால் பார்த்து, பஞ்ச் அடித்து, டிரில் போட்ட பிறகு துளை 0.2-க்குள் நின்றால் நல்ல கை என்று சொல்வேன்.

கோடு விழுவதற்கு முன்பே நுழையும் பிழைகளும் உண்டு. அளவுகோல் ஒரு பக்கம் நிற்க, ஸ்க்ரைபர் முனை அதிலிருந்து தள்ளி நிற்கிறது. அளக்கும் இடமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்று ஏர்ன்ஸ்ட் அபே 1890-ல் சொன்ன விதியை ஹைட் கேஜின் அமைப்பே மீறுகிறது. 60 மி.மீ. அகல அடித்தட்டின் ஓர் ஓரத்தில் 0.02 தடிமனுள்ள தூசி புகுந்தால், 100 மி.மீ. தள்ளியிருக்கும் முனை 0.03 இறங்கும் அல்லது ஏறும். ஸ்க்ரைபரை முடிந்தவரை உள்ளே தள்ளிப் பூட்டுங்கள். பிளேட்டை உள்ளங்கையால் துடைத்துப் பாருங்கள். துணிக்குத் தப்பிய துகள் கைக்குத் தட்டுப்படும்.

அலுமினிய வேலையில் வெப்பமும் சேரும். நீள அளவுகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் பட்டறை 32 டிகிரி என்றால், 300 மி.மீ. அலுமினியம் 0.08 விரியும், எஃகு ஹைட் கேஜ் அதே நீளத்துக்கு 0.04 தான் விரியும். எஃகை எஃகால் அளந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் கவலையில்லை. வேலையும் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் போதும். மெஷினிலிருந்து சூடாக எடுத்துக் கோடு போடாதீர்கள்.

"ஹைட் கேஜ் ஸ்க்ரைபர் மழுங்கிப்போச்சு. கிரைண்டிங் வீல்ல பிடிக்கலாமா?"

முனை கார்பைடு. சாதாரண வீல் அதை வெட்டாது; பச்சை சிலிக்கான் கார்பைடு வீல் அல்லது வைரக்கல் வேண்டும். மேல்சரிவை மட்டும் தீட்டுங்கள். அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது. கருவியின் பூச்சியம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தீட்டிய பிறகு முனையைப் பிளேட்டில் இறக்கிப் பூச்சியம் சரிபார்த்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

"ஷாஃப்ட்டோட மையம் எடுக்கறது எப்படி? ஜென்னில போட்டா நாலு கோடும் ஒரே புள்ளியில சேரல."

ஜென்னியில் அப்படித்தான் வரும். நான்கு வில்கள் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தை விடும். அந்தக் கட்டத்தின் நடுதான் மையம். டிரில் சென்டர் போட அது போதும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் வி பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டை) ஷாஃப்டை வைத்து, ஹைட் கேஜால் உச்சியைத் தொட்டு, அதிலிருந்து விட்டத்தில் பாதியைக் கழியுங்கள். உச்சி 96.42, விட்டம் 40.00 என்றால் கோடு 76.42-ல். விட்டத்தை மைக்ரோமீட்டரில் எடுங்கள். பெயருக்கு 40 என்று சொல்லும் பார் 39.9 ஆக இருக்கும். சரிபார்க்க, ஷாஃப்டை 180 டிகிரி திருப்பி அதே உயரத்தில் மறுபடி கீறுங்கள். இரண்டு கோடு தெரிந்தால் நடுவில்தான் உண்மை மையம். மூலைமட்டத்தைப் புரட்டிப் பார்த்த அதே தந்திரம்தான் இது.

"பம்ப் வார்ப்புல நேரான பக்கமே இல்ல. டேட்டம் எங்க வைக்கறது?"

கோயம்புத்தூர் பக்கம் பம்ப், மோட்டார் வார்ப்போடு பழகியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள். மூன்று ஸ்க்ரூ ஜாக் மேல் நிறுத்துங்கள். மூன்று கால் எப்போதும் ஆடாது, நான்கு கால் ஆடும். மெஷினில் தொடாமல் அப்படியே நிற்கப்போகும் பகுதிகளைச் சர்ஃபேஸ் கேஜால் தொட்டுத் தொட்டு ஜாக்குகளை ஏற்றி இறக்கி மட்டம் பாருங்கள். அங்கிருந்து ஒரு மையக்கோட்டை வார்ப்பைச் சுற்றிலும் கீறினால், அதுவே டேட்டம்.

பிறகு எல்லாப் பக்கத்திலும் மெஷினில் எடுக்கப் பொருள் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கோர் (வார்ப்பின் உள்ளே துளை விழ வைக்கும் மணல் அச்சு) கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் 5 மி.மீ. இருக்கும், மறுபக்கம் 1 மி.மீ.கூட இருக்காது. மையக்கோட்டை நடுவழியில் நகர்த்தி இரண்டு பக்கத்தையும் காப்பாற்றமுடியுமா என்பதை இந்தக் கட்டத்தில்தான் தீர்மானிக்கமுடியும். சி.என்.சி. வந்த பிறகும் பெரிய வார்ப்புகளுக்கு மார்க்கிங் நிற்காததற்குக் காரணம் இதுதான். மெஷினில் ஏற்றிப் பாதி வெட்டிய பிறகு தெரிவதைவிட, மார்க்கிங் மேசையில் தெரிந்துகொள்வது மலிவு.

கோர் துளைக்கு நடுவில் டிவைடர் கால் ஊன்ற இடம் இல்லையே என்பார்கள். துளையின் குறுக்கே மரக்கட்டை ஒன்றை இறுக்கி, அதன் நடுவில் சின்னத் தகரத் துண்டை அடித்து, அதில் மையம் குறித்துக்கொள்ளுங்கள்.

"80 விட்டத்துல அஞ்சு துளை. டிவைடர்ல சுத்திப் போட்டா கடைசி இடைவெளி மட்டும் தப்பாவே வருது."

இரண்டாம் பதிலில் சொன்ன சங்கிலிப் பிழையேதான், வட்டத்தில் சுற்றி வருகிறது. ஆறு துளை என்றால் ஆரமே இடைவெளி, 40 மி.மீ. ஐந்துக்கு 80-ஐ 36 டிகிரியின் சைனால் பெருக்கினால் 47.02. அந்த 0.02-ஐ டிவைடரில் வைக்கமுடியாது. ஒவ்வொரு அடியிலும் பிசகிக் கடைசி இடைவெளியில் மொத்தமாக வந்து நிற்கும்.

மையத்திலிருந்து நெடுக்கும் குறுக்குமாக அளவாக மாற்றிக்கொண்டு ஹைட் கேஜால் போடுங்கள். முதல் துளை நெடுக்கில் 40, குறுக்கில் 0. அடுத்தவை 12.36 நெடுக்கில், 38.04 மேலும் கீழும். பிறகு மையத்துக்கு மறுபக்கம் 32.36 நெடுக்கில், 23.51 மேலும் கீழும். வேலையை ஆங்கிள் பிளேட்டில் (L வடிவத் தாங்கி) கட்டி ஒரு திசைக் கோடுகளைக் கீறி, 90 டிகிரி திருப்பி மறுதிசையைக் கீறுங்கள். முடிந்தபின் டிவைடரை 47-ல் வைத்து ஐந்து இடைவெளியையும் சோதியுங்கள். சோதிக்க டிவைடர் நல்ல கருவி.

"கோணக்கோட்டுக்கு பெவல் புரொட்ராக்டர் போதுமா, சைன் பார் வேணுமா?"

வெர்னியர் பெவல் புரொட்ராக்டர் 5 நிமிடக் கோணம் வரை படிக்கும். கீறும் கோட்டுக்கு அது தாராளம். சைன் பார் (ஒரு முனையை உயர்த்திக் கோணம் அமைக்கும் துல்லியப் பட்டை) தேவைப்படுவது அந்தக் கோணத்தில் கிரைண்டிங் செய்யவோ சோதிக்கவோ. 200 மி.மீ. பாரில் 25 டிகிரிக்கு 84.524 மி.மீ. ஸ்லிப் கேஜ் (தடிமன் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டைகள்) அடுக்கவேண்டும். 45 டிகிரிக்கு மேல் சைன் பாரை நம்பாதீர்கள். அங்கே உயரத்தில் சின்னப் பிசகும் கோணத்தில் பெரிதாக வரும்.

"ரெண்டு துளைக்கு நடு அளவு 0.02-க்குள்ள வேணும். ஜிக் போரிங் மெஷின் இல்ல. மார்க்கிங்ல முடியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

கோட்டால் முடியாது, டூல்மேக்கர் பட்டனால் முடியும். பட்டன் என்பது கடினப்படுத்தி கிரைண்டிங் செய்த சின்ன எஃகு வளையம். விட்டம் துல்லியமாகத் தெரிந்தது, 10.00 என்று வைத்துக்கொள்வோம். கோட்டில் குறித்த இடத்தில் துளையிட்டு மரை வெட்டி, ஸ்க்ரூவால் பட்டனை லேசாகப் பிடியுங்கள். வளையத்தின் துளை ஸ்க்ரூவைவிடப் பெரியது, அதனால் பட்டனை மெல்லத் தட்டி நகர்த்தலாம். மையத்துக்கு மையம் நடு அளவு 50.00 வேண்டுமென்றால் இரண்டு பட்டனின் வெளிப்பக்கம் 60.00 வரும்வரை மைக்ரோமீட்டரால் அளந்து தட்டி, டேட்டம் பக்கத்திலிருந்து ஸ்லிப் கேஜாலும் சரிபார்த்து இறுக்குங்கள்.

வேலையை லேத்தில் ஃபேஸ் பிளேட்டில் கட்டி, டயல் இண்டிகேட்டரைப் பட்டன் மேல் வைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை நகர்த்துங்கள். பட்டனைக் கழற்றிவிட்டுப் போரிங் செய்யுங்கள். ஸ்க்ரூவுக்குப் போட்ட துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் போரிங் டூல் அதைத் திருத்திவிடும். டிரில்லோ ரீமரோ அந்தப் பழைய துளையின் பின்னாலேயே போகும். அதனால் போரிங்கை மட்டும் தவிர்க்காதீர்கள்.

"கீறிய கோட்டுல இருந்தே விரிசல் வரும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?"

உண்மை. வளைக்கும் தகட்டிலும், திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் உறுப்பிலும், கூரான கீறல் விரிசலுக்குத் தொடக்கம் கொடுக்கும். விமான உடலின் அலுமினியத் தோலில், பழைய சீலன்ட்டைக் கூரான கருவியால் சுரண்டியபோது விழுந்த கீறல்களிலிருந்து விரிசல் ஓடியதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் பட்டையிலும் அப்படித்தான்.

வெட்டி எறியப்போகும் ஓரத்தில் மட்டும் ஸ்க்ரைபரைப் பயன்படுத்துங்கள். வளைவுக்கோட்டை நுனி மெல்லிய மார்க்கர் பேனாவால் போடுங்கள். அலுமினியத்தில் பென்சிலும் வேண்டாம். அதன் கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். தவறிக் கீறிவிட்டால், நுண்ணிய எமரித் தாளால் கீறலின் நீளவாக்கிலேயே தேய்த்து, லென்ஸில் பள்ளம் தெரியாமல் போகும்வரை எடுத்துவிடுங்கள்.